நிழல் துடைத்த கை

பிப்ரவரி 4. பழைய கணினி: 14,000.
பிப்ரவரி 19. கணினியில் வரையும் பலகை, பேனாவுடன்: 3,250.
ஏப்ரல் 2. படத்தின் பெரிய அச்சு, கண்காட்சி நுழைவுக் கட்டணம்: 1,140.
அடுத்த ஆண்டு, ஏப்ரல் 3. அச்சு, கட்டணம்: 1,180.
அதற்கடுத்த ஆண்டு, ஏப்ரல் 5. அச்சு, கட்டணம்: 1,240.
வரவு: இல்லை.

இவ்வளவும் காதக்காவின் செலவு. கடைத்தெருவில் அவளைக் காதக்கா என்றால்தான் தெரியும். கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு எதிரே, நகல் எடுக்கும் கடைக்கும் பூட்டு ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் ஸ்டுடியோவில் அவள் இருபத்திரண்டு வருடமாக அடையாளப் படம் எடுக்கிறாள். வருகிறவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, "ரெண்டு காதும் தெரியணும்" என்பாள். அதற்கு மேல் அவள் யாரிடமும் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அந்த வேலையில் அழகுக்கு இடமில்லை. வாய் மூடியிருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது, பின்னால் வெள்ளைத் திரை, திரையில் ஒரு பொட்டு நிழல்கூட விழக் கூடாது. விழுந்தால் எதிர்த்த அலுவலக ஜன்னலில் இருப்பவர் படத்தைத் திருப்பித் தள்ளிவிடுவார். தள்ளப்பட்டவர் சாலையைக் கடந்து வந்து ஸ்டுடியோவில் கத்துவார். அதனால் இரண்டு பக்கமும் விளக்கு. அதையும் மீறிக் காதுக்குப் பின்னாலும் கழுத்துக்கடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறத்தைக் கணினியில் துடைத்து எடுத்துவிடுவாள். பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்குகிற மாதிரி, கை பாட்டுக்கு அந்த வேலையைப் பார்க்கும்.

ஆள் வராத ஒரு மத்தியானம், விளக்கைச் சரிபார்க்க எடுத்து வைத்திருந்த தன் கணவரின் படம் ஒன்றை வெட்டி, ஒரு மேகத்தின் மேல் உட்காரவைத்துப் பார்த்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். படத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மேகத்தின் மேல் அந்தக் கொட்டாவி அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அவள் தனியாகச் சிரித்ததைக் கேட்டு முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. பழைய கணினி ஒன்று வீட்டுக்கு வந்தது. துணி மடிக்கும் மேஜை அதற்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்த கையோடு உட்கார்ந்துவிடுவாள். கதவுகளுக்கு இறக்கை வைத்தாள். மகளின் தலைமுடியை ஆறாக ஓடவிட்டாள். தண்ணீர்க் குழாயிலிருந்து எழுத்துகளைச் சொட்ட வைத்தாள்.

செய்து பார்ப்பதில் அவளுக்குச் சிரமமே இல்லை. செய்ததைப் பற்றி ஒருவர் வாயிலிருந்து உருப்படியாக ஒரு சொல் வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கணவர் எதைக் காட்டினாலும், "நல்லாத்தான் இருக்கு" என்பார். சாப்பாட்டுக்கும் அதையேதான் சொல்வார், புதுத் திரைச்சீலைக்கும் அதுதான். கல்லூரியில் படிக்கும் மகள், அம்மா அனுப்பிய படம் திறப்பதற்கு முன்பே இதயக் குறி போட்டுவிடுவாள். கைபேசியில் படத்திருத்தக் குழு ஒன்றில் சேர்ந்தாள். அங்கே ஒருவர் நிறத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டினாள். இன்னொருவர் குறைக்கச் சொன்னார், குறைத்தாள். இரண்டையும் செய்து முடித்தபோது படம் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. மற்ற எல்லாரும் அருமை என்றார்கள்.

நகரப் புகைப்படச் சங்கத்தைப் பற்றி அப்போதுதான் கேள்விப்பட்டாள். ஆண்டுக்கொரு கண்காட்சி நடத்துவார்கள். கலைத் திருத்தத்துக்கு, அதாவது கணினியில் வெட்டி ஒட்டிச் செய்த படங்களுக்கு, தனிப் பிரிவு. படம் தேர்வானால் சங்கத்தில் சேர்த்துக்கொள்வார்கள். உறுப்பினர்கள் ஞாயிறு காலை ஒரு நீள மேஜையில் தங்கள் அச்சுகளைப் பரப்பி, சுற்றி நின்று, தாட்சண்யம் பார்க்காமல் பிய்த்துப் பேசுவார்களாம். சுவரில் படம் மாட்டுவதில் அவளுக்குப் பெரிய ஆசை இல்லை. அந்த மேஜை வேண்டும். ஆனால் ஒருவர் மூன்று முறைதான் அனுப்பலாம். மூன்றும் போனால் அந்தப் பிரிவில் கதவு மூடிவிடும். விதி அப்படி.

முதல் தடவை சமையலறை அலமாரியை ஒரு ஊராக்கி அனுப்பினாள். டப்பாக்கள் கட்டடங்கள். நடுவே கட்டைவிரல் உயரத்தில் வீட்டு மனிதர்கள் நடந்து போனார்கள். கணவர் தேக்கரண்டியில் சாய்ந்திருந்தார். நாத்தனார் சர்க்கரை டப்பாவின் மூடியில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

ஜூனில் கடிதம் வந்தது. தேர்வாகவில்லை. கீழே ஒரு வரி: கற்பனை நன்று, ஆட்கள் மிதக்கிறார்கள்.

காதக்கா அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டாள். கால்கள் பலகையைத் தொடவில்லை போலும். ஒவ்வொருவரையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, பாதத்தைப் பலகையோடு அழுத்தி ஒட்ட வைத்தாள். கணவரின் செருப்பைப் பலகைக்குள் கொஞ்சம் புதைக்கவும் செய்தாள். அடுத்த ஆண்டு அதே படத்தைத் திருத்தி அனுப்பினாள். ஜூனில் பதில் வந்தது. ஆட்கள் இன்னும் மிதக்கிறார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் பேசவே இல்லை. எப்போதும் பேசாதவள்தான் என்றாலும் அன்றைய பேச்சின்மை வேறு ரகம் என்று கணவருக்கே தெரிந்தது. படம் நல்லாத்தான் இருக்கு என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். அவள் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

இன்னும் ஒரே வாய்ப்பு. பல மாதங்கள் கணினிப் பக்கமே போகவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட அச்சை மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் மாட்டி வைத்து, போகும்போதும் வரும்போதும் முறைத்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் ஒருநாள் மாலை வந்தாள். கணவரின் தங்கை. மருந்துக்கடையில் வேலை. மருந்துச் சீட்டைப் படிப்பதற்குள் நோயாளியின் மூன்று தலைமுறையை விசாரித்துவிடுவாள். வீட்டில் அவளுக்கு வானொலி என்று பெயர். அச்சில் முதலில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்து, இடுப்பு பெரிதாகத் தெரிவதாகக் குறைப்பட்டுக்கொண்டாள். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அண்ணி, டப்பாவுக்கெல்லாம் நிழல் விழுது. எங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?"

"என்னது?"

"பாருங்க. ஜன்னல் இந்தப் பக்கம். டப்பா, கரண்டி எல்லாத்துக்கும் அந்தப் பக்கம் கறுப்பா விழுந்திருக்கு. நாங்க மட்டும் ஆவி மாதிரி நிக்கிறோம். செத்துப்போனவங்க படம்னு நெனச்சுக்கப் போறாங்க."

காதக்கா பார்த்தாள். சர்க்கரை டப்பாவின் நிழல் நீண்டு கிடந்தது. அதன்மேல் நின்றவளுக்குச் சொட்டு நிழல் இல்லை. அதனால்தான் மிதக்கிறார்கள். இரண்டு வருடமாகப் பார்த்தும் அது கண்ணில் படவே இல்லை. கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் கணினியைப் போட்டு மூலப் படங்களைத் திறந்தாள். வீட்டில் வெள்ளைச் சுவருக்கு முன்னால், இரு பக்கமும் விளக்கு வைத்து, ஸ்டுடியோவில் எடுப்பதுபோலவே எல்லாரையும் எடுத்திருந்தாள். அப்படியும் கணவரின் காலடியில் லேசாக ஒரு கறை விழுந்திருந்தது. வெட்டி எடுத்த படத்தில் அது இல்லை. கை தானாகத் துடைத்திருக்கிறது. எந்தப் பொழுதில் துடைத்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எதிர்த்த ஆபீஸ் ஜன்னல்ல இருக்கிறவர் திருப்பிடுவாரேன்னு துடைச்சிருக்கேன்," என்றாள்.

"சமையலறை அலமாரியில எந்த ஜன்னல்ல யார் திருப்பப் போறாங்க?" என்று கேட்டுவிட்டு வானொலி அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு காதக்காவுக்கு நிழல் பைத்தியம் பிடித்தது. பேருந்தில் கைப்பிடியின் நிழலைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள். கணவரை மொட்டை மாடியில் உச்சி வெயிலில் நிற்கவைத்து, சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லி, மறுபடியும் தள்ளி நிற்கச் சொல்லி, கடைசியில் அவர் கீழே இறங்கிப் போனதைக்கூடக் கவனிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோவிலும் அது தொடர்ந்தது. ஒரு பெரியவரின் காதுக்குப் பின்னால் விழுந்த சாம்பல் நிழல் அவளுக்கு அழகாகப் பட்டது. துடைக்க மனம் வராமல் அப்படியே அச்சிட்டுக் கொடுத்துவிட்டாள். அரை மணியில் அவர் சாலையைக் கடந்து திரும்பி வந்தார். முதலாளி மன்னிப்புக் கேட்டு வேறு படம் போட்டுக் கொடுத்தார்.

"இத்தனை வருஷத்துல உன் படம் ஒண்ணுகூடத் திரும்பினதில்லையேம்மா. கலையெல்லாம் வீட்டோட வச்சுக்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றே யோசனை வந்தது. தன் வேலையையே படமாக்கினால் என்ன? கடை அடைத்திருக்கும் ஞாயிறு காலை முதலாளியிடம் சாவி வாங்கி, வானொலியைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்காரவைத்தாள். ஒரு பக்க விளக்கை அணைத்தாள். வெள்ளைத் திரையில் ஆளைவிடப் பெரிய நிழல் எழுந்தது. விதிப்படி ஒரு படம்: வாய் மூடி, முதுகு நிமிர்ந்து, இரண்டு காதும் தெரிய. இனி இரண்டாவது.

"இப்பப் பேசு," என்றாள் காதக்கா. "கையை ஆட்டி, எப்பவும் பேசற மாதிரி."

"என்னத்தப் பேச?"

வாழ்நாளில் முதல் தடவையாக வானொலிக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. கேமராவைப் பார்த்து விழித்தாள். காதக்கா சற்று யோசித்துவிட்டு, உங்கண்ணன் சின்ன வயதிலும் இப்படித்தான் எதற்கும் வாய் திறக்க மாட்டாரா என்று கேட்டாள். அவ்வளவுதான். கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், திரை முழுக்க நிழல் ஆடியது. காதக்கா விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

முதல் படத்தின் ஆளையும் இரண்டாவது படத்தின் நிழலையும் அவள் சேர்த்தாள். ஸ்டூலில் ஒருத்தி கடவுச்சீட்டுக்குரிய ஒழுக்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் அவளுடைய நிழல் வாயைத் திறந்து, கையை வீசி, யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. இந்த முறை குழுவுக்கும் மகளுக்கும் அவள் அதை அனுப்பவில்லை. கணவரிடம் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். வாய் பொத்திச் சிரித்தார்.

"என் தங்கச்சி வாயை மூடி நான் பார்த்ததே இல்லை," என்றார்.

படம் நல்லாத்தான் இருக்கு என்று அவர் சொல்லவில்லை. காதக்கா அதைக் கவனித்துக்கொண்டாள்.

நாத்தனாரிடம் காட்டத்தான் பயமாக இருந்தது. கேலி என்று எடுத்துக்கொண்டால் படம் கணினியை விட்டு வெளியே போகாது, கடைசி வாய்ப்பும் அதோடு போச்சு. வானொலி பார்த்தாள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"நான் பேசறப்ப இப்படியா இருக்கேன்?"

"ஆமா."

"பரவால்ல, உயிரோட இருக்கேன். அந்த டப்பா மேல செத்துப்போய் நின்னதுக்கு இது மேல்," என்றாள். "அனுப்புங்க அண்ணி. மாட்டினாங்கன்னா எங்க கடை ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வருவேன்."

ஏப்ரலில் படம் போனது. மே முழுக்க காதக்கா காதுகளையும் வெள்ளைத் திரையையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாள். ஒரு படமும் திரும்பவில்லை.

கடிதம் வந்தபோது வானொலி வீட்டில்தான் இருந்தாள். பிடுங்கிச் சத்தமாகப் படித்தாள். படம் ஏற்கப்பட்டது. அதற்குக் கீழே, வழக்கத்தைவிட நீளமாக: நிழலின் கை விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது, திரையிலிருந்து கை விலக விலக நிழல் மங்க வேண்டும், வரும் ஞாயிறு அச்சைக் கொண்டு வாருங்கள், மேஜையில் வைத்துப் பார்ப்போம்.

"எடுத்துக்கிட்டோம்னு சொல்லிட்டு அதுக்கப்புறமும் திட்டறாங்களே," என்றாள் வானொலி.

காதக்கா கடிதத்தை வாங்கினாள். முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை இன்னொரு முறை படித்தாள். சரிதான். கை விளிம்பு சரியில்லை. துணி மடிக்கும் மேஜைக்குப் போய் கணினியைப் போட்டாள்.

ஜூன் 11. வரவு: கடிதம் ஒன்று.