கேட்கும் நிலையம்

மத்தேயு பிழையாகச் சொன்னது ஒரு மணித்தியாலம்தான்.

மின்சார சபையில் லைன் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மட்டக்களப்பு, கல்லடியில் வாவிக்கரைப் பக்கம் வீடு. மனைவி பீற்றிஸ். ஒரே மகன் ஜூலியன் படகேறி அவுஸ்திரேலியா போய்ப் பல வருடமாகிறது. மெல்பேணில் கோழித் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. தற்காலிக விசா. அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது.

போன வருடம் ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பீற்றிஸ் இறந்தபோது, ஜூலியன் வரமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கைபேசியில் பார்ப்பான். இங்கே பல செத்தவீடுகளில் அதுதான் வழக்கமாகிவிட்டது. பெட்டியின் தலைமாட்டில் ஒருவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை முகத்தைப் பார்த்து அழுது முடித்த பிறகுதான் மூடி போடுவார்கள்.

சனிக்கிழமை காலையில் மத்தேயு மகனிடம் சொன்னார்.

"நாளைக்கு மூண்டு மணிக்கு மூடுறம். நீ கணக்குப் பாராத மகன், உன்ட மணிக்கே சொல்லுறன். ராவைக்கு எட்டரை."

"எட்டரை. சரியப்பா."

அன்றைய கணக்குக்கு அது சரி. அன்றிரவு மெல்பேணில் கோடைகால நேரம் முடிந்து மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளினார்கள். வருடத்தில் இரண்டு முறை அப்படி நடக்கும். ஒவ்வொரு முறையும் ஜூலியன்தான் முதல்நாளே சொல்லுவான், "அப்பா, நாளையிலிருந்து ஒரு மணித்தியாலம் மாறும்" என்று. அந்த முறை அவன் சொல்லவில்லை. தாய் செத்துக் கிடக்கையில் மணிக்கூட்டை யார் நினைப்பார்கள்.

ஞாயிறு மூன்று மணிக்கு, பக்கத்து வீட்டுச் சர்மிளா கைபேசியைப் பிடித்துக்கொண்டு பெட்டியருகே நின்றாள்.

"அங்கிள், எடுக்கிறாரில்ல."

"வருவான். சொல்லி வச்சிருக்கன்."

மெல்பேணில் அப்போது ஏழரைதான். ஜூலியன் இரவு வேலை முடிந்து வந்து, ஆறுதல் சொல்லுகிறவர்களின் அழைப்புகளைத் தாங்க முடியாமல் கைபேசியின் சத்தத்தை அடைத்துவிட்டு, எட்டு மணிக்கு எழும்ப அலாரம் வைத்துப் படுத்திருந்தான். பாதருக்கு இன்னொரு அடக்கம் இருந்தது. அவர் இரண்டு தடவை மத்தேயுவின் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவை மத்தேயு தலையாட்டினார். மூடி போட்டார்கள்.

ஜூலியன் இணைப்பில் வந்தபோது சேமக்காலையில் இரண்டு பேர் மண்வெட்டியின் முதுகால் குழி மூடிய மண்ணைத் தட்டி மட்டமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா எங்க?"

சர்மிளா கைபேசியை மத்தேயுவின் பக்கம் திருப்பினாள்.

"எட்டரை எண்டுதானே சொன்னீங்க?"

"ஓம் மகன்."

"இப்பதானே எட்டரை."

அதுதான் அவன் தகப்பனிடம் கடைசியாகச் சொன்னது. பிறகு அவருடைய இலக்கத்தை அடைத்துவிட்டான். அவனோடு ஒரே அறையில் இருக்கும் ஜெயந்தன் மத்தேயுவிடம் பேசினான். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னான்.

"அங்கிள், உங்கட குரலைக் கேட்டா மண் தட்டுற சத்தம் கேக்குதாம். கொஞ்சக் காலம் விடுங்க."

"சாப்பிடுறானா?"

"சாப்பிடுறான். ஒருத்தரோடயும் கதை இல்ல. சனிக்கிழமையில மட்டும் றேடியோவில கதைக்கிறான். லைசன்ஸ் எடுத்து வச்சிருக்கான். யார் யாரோ வெள்ளைக்காரர், எங்கெங்கயோ இருந்து."

மத்தேயு கேட்டார், "றேடியோவில கதைச்சா ஆரும் கேக்கலாமா?"

காத்தான்குடியில் மின்விசிறி, வயர், றேடியோ உதிரிப்பாகம் விற்கும் பதியுதீன் அமெச்சூர் றேடியோ அனுமதி வைத்திருப்பவர். லைன் வேலைக் காலத்திலிருந்தே பழக்கம். மத்தேயு கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்ல, அவர் கல்லாவை மூடிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அது நெட் அண்ணன்," என்றார். "குறிச்ச நேரத்துல, குறிச்ச அலைவரிசையில எல்லாரும் கூடுவாங்க. ஒராள் நடத்துவார். பேர் கூப்பிடுற மாதிரி ஒவ்வொருத்தரையும் கூப்பிடுவார். நானும் இடைக்கிட போறதான், மெல்பேண்ல இருந்து ஒரு தமிழ்ப் பொடியன் வாறதக் கேட்டிருக்கன். மகன்ட நெட் சனிக்கிழம பத்து மணி."

"காலம பத்தா?"

"இல்ல. பின்னேரம் மூண்டரை."

"நீ இப்பதான் பத்து எண்டாய்."

பதியுதீன் சிரித்தார். சுவரிலிருந்து மணிக்கூடு ஒன்றைக் கழற்றி, முள்ளை ஐந்தரை மணித்தியாலம் பின்னால் திருப்பி, மத்தேயுவின் கையில் வைத்தார்.

"இது உலக நேரம். நாங்க எல்லாரும் இதைத்தான் பாக்கிற. இதுக்குக் கோடையும் இல்ல, மாரியும் இல்ல. எந்த நாட்டுக்காரன் தன்ட மணிக்கூட்ட முன்னுக்குத் தள்ளினாலும் பின்னுக்குத் தள்ளினாலும் இதுக்குத் தெரியா. எனக்கும் பத்து, மகனுக்கும் பத்து."

மத்தேயு மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கி நான் இதுல பாத்து ஒம்பதரை எண்டு சொல்லியிருந்தா."

பதியுதீனுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு எழும்பிப்போய்த் தேத்தண்ணிக்குச் சொன்னார்.

வளவில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே அன்ரெனாக் கம்பியை மத்தேயுவே ஏறிக் கட்டினார். வேலிக்கு அப்பாலிருந்து சர்மிளாவின் தாய் இரத்தினம்மா பார்த்தாள்.

"இதென்ன அண்ணன், துணி காயப்போட இவ்வளவு உசரமா? ஆர் எடுத்துத் தாற?"

"காகம் தரும்."

பீற்றிஸ் செத்த பிறகு அவர் பகிடி விட்டது அன்றுதான் முதல்தடவை என்று இரத்தினம்மா பிறகு சொன்னாள்.

பதியுதீன் கொடுத்த றேடியோப் பெட்டியில் கேட்க மட்டும் முடியும். சனிக்கிழமைகளில் மத்தேயு அதன் முன்னால் உட்கார்ந்தார். முதல் இரண்டு கிழமையும் இரைச்சல்தான். மூன்றாவது கிழமை, நெட்டை நடத்தும் நியூசிலாந்துக் கிழவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வர, இரைச்சலுக்கு அடியிலிருந்து ஜூலியன் வந்தான். ஆங்கிலத்தில் பேசினான். மெல்பேணில் மழை என்றான். யன்னலோரத்தில் வைத்த கொச்சிக்காய்க் கன்று பூத்திருக்கிறது என்றான். மத்தேயு எழுந்து நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. அவன் முறை முடிந்ததும் உட்கார்ந்தார்.

அப்படியே மகனின் காலம் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குத் தெரியவந்தது. பழைய சைக்கிள் ஒன்று வாங்கினான். வீட்டுக்காரர் கூரையில் கம்பி கட்ட விடவில்லை. பகல் வேலைக்கு மாற்றம் கேட்டிருக்கிறான். கைபேசியில் பேசிய வருடங்களில் இதில் பாதியும் சொன்னதில்லை. அப்போது அவர்கள் பேசியதெல்லாம் சாப்பாடும் விசாவும்.

ஒக்ரோபரில் மெல்பேண் மணிக்கூடுகளை முன்னால் தள்ளும் நாளுக்கு முந்திய சனிக்கிழமை, கிழவர் எல்லாருக்கும் நினைவூட்டினார். நெட் நேரம் மாறாது, உங்கள் மணிக்கூடுதான் மாறும், அடுத்த கிழமை பாதிப்பேர் பிந்தி வந்து என்னைத் திட்டவேண்டாம் என்றார். ஒருவர் சிரித்தார். ஜூலியனின் முறை வந்தபோது அவன் சொன்னான், "நான் பிந்தமாட்டேன். ஒருமுறை ஒரு மணித்தியாலத்தால் ஒன்றைத் தவறவிட்டேன்."

என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நெட்டில் அப்படிக் கேட்பதில்லை.

திங்கட்கிழமை மத்தேயு கடை திறக்குமுன் காத்தான்குடியில் நின்றார்.

"எனக்கும் லைசன்ஸ் வேணும்."

"இந்த வயசிலயா அண்ணன்? சோதனை இரிக்கி."

"எழுதுறன்."

முதல்முறை கொழும்பு போய்த் தோற்றார். இரண்டாம்முறை சித்தியடைந்தார். பதியுதீன் தன்னுடைய பழைய அனுப்பும் பெட்டியையும் மைக்கையும் கொண்டுவந்து பூட்டிக்கொடுத்தார். எப்படிப் பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்தார்கள்.

"லைசன்ஸோட தந்த அழைப்புக்குறி, பேர், ஊர், மற்றாக்கள்ட சத்தம் எப்படிக் கேக்குதெண்டு. அவ்வளவுதான். வீட்டுப் பிரச்சினைய அதுல கதைக்கிறல்ல. உலகமே கேக்கும்."

"ஒரு வசனம்தான் தம்பி."

"என்ன வசனம்?"

"பிழை என்ட எண்டு."

பதியுதீன் மைக்கின் வயரை இன்னொருமுறை இறுக்கினார்.

அந்தச் சனிக்கிழமை மத்தேயு சவரம் செய்து, கோயிலுக்குப் போகும் சட்டையைப் போட்டிருந்தார். கிழவர் புதிய நிலையங்கள் உண்டா என்று கேட்டதும் மைக்கை அழுத்தினார். அழைப்புக்குறி, மத்தேயு, மட்டக்களப்பு. கிழவருக்குச் சந்தோசம். இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து இரண்டாவது குரல் என்றார். யாரோடு பேச விருப்பம் என்று கேட்டார். மத்தேயு ஜூலியனின் அழைப்புக்குறியைச் சொன்னார்.

இரைச்சல்.

நெட்டில் ஒருவர் உன் குறியைச் சொல்லி அழைத்தால் பதில் கொடுக்கவேண்டும். அது அங்கே மரியாதை. ஜூலியன் பதில் கொடுத்தான். "ஐந்து, ஏழு," என்றான். தெளிவு ஐந்து, பலம் ஏழு என்பது அதன் அர்த்தம். முன்பின் தெரியாத எந்த நிலையத்துக்கும் கொடுக்கும் பதில்தான்.

இப்போது மத்தேயுவின் முறை. வசனம் தொண்டைவரை வந்தது. அதற்குப் பதிலாகத் தமிழில் வேறொன்று வெளியே போனது.

"மகன், சாப்பிட்டியா?"

ஜூலியன் மறுபடி ஆங்கிலத்தில் பேசினான். "ஐந்து, ஏழு. நன்றி." பிறகு கிழவரிடம் விடைபெற்றான்.

அடுத்த சனி அவன் வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. கிழவர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

"வானம் சரியில்ல அண்ணன், இந்த நாளையில மெல்பேண் கேக்கிற கஷ்டம்," என்றார் பதியுதீன்.

ஒரு சனிக்கிழமை மத்தேயு ஞானஸ்நான வீடொன்றுக்கு மாங்கேணி போகவேண்டியிருந்தது. நெட்டைக் கடையிலிருந்து பதியுதீன் கேட்டார். மறுநாள் மத்தேயு விசாரித்தபோது, பதியுதீன் மேசையில் கிடந்த வயர்த்துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வந்தானா?"

"வந்தான்."

"நல்லாக் கதைச்சானா?"

"சிரிச்சும் கதைச்சான். பகல் வேலை கிடைச்சிட்டாம்."

அடுத்த சனி மத்தேயு முதல் ஆளாக அழைப்புக்குறி சொன்னார். ஜூலியன் வரவில்லை. அதன்பிறகு யாரும் வானத்தைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு உலகத்தில் இருந்த ஒரு கூட்டம் அது. அதிலும் தகப்பன் போய் உட்கார்ந்துவிட்டார்.

மத்தேயு மைக்கைக் கழற்றிக் கடதாசியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்.

"இதை நீ வச்சிரு தம்பி."

"பழுதா?"

"இல்ல. வீட்டில கிடந்தா கை போகும்."

கிழவர் அந்தக் கிழமை மட்டக்களப்பைக் கூப்பிட்டார். மூன்று முறையும் மத்தேயு பெட்டியின் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அடுத்த கிழமை ஜூலியன் திரும்பி வந்தான். கொச்சிக்காய் பறித்த கதை சொன்னான். அதற்கடுத்த கிழமையும் வந்தான்.

நான்காவது கிழமை கிழவர் கவலையோடு கேட்டார். மட்டக்களப்பு நிலையத்தைப் பற்றி யாருக்காவது தெரியுமா? சுகமில்லையா?

பதியுதீனால் பொறுக்க முடியவில்லை. தன் அழைப்புக்குறியைச் சொல்லி, "அவர் சுகமாக இருக்கிறார். அனுப்பும் பெட்டி பழுது. ஒவ்வொரு கிழமையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்," என்றார்.

அதன் பிறகு ஜூலியனின் முறை வந்தது. மழையும் இல்லை, கன்றும் இல்லை. அழைப்புக்குறியைச் சொன்னான், கிழவருக்கு ஐந்து, ஒன்பது என்றான், முடித்தான். வந்த கிழமைகளிலும் அப்படியே. நெட்டுக்கு வரத் தவறவில்லை. அழைப்புக்குறி, இரண்டு இலக்கம். வேறு ஒன்றும் சொல்வதில்லை.

பதியுதீன் ஒரு பின்னேரம் கல்லடிக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே நின்றார்.

"நான் வாயப் பொத்திட்டு இருந்திருக்கணும் அண்ணன். நீங்க கேக்கிறெண்டு செல்லி, உள்ளதையும் கெடுத்திட்டன்."

"இறங்கு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"ஒண்டும் செல்றானில்லயே இப்ப."

"வாறான்தானே," என்றார் மத்தேயு. "குரல்ல தடிமன், சளி ஒண்டும் இல்ல. நல்லா இருக்கான்."