சவுக்குக் கன்றுக்கு நல்ல தண்ணீர் தேடிய கதை

மாமல்லபுரத்துக்குப் பல தடவை போயும் ஒரு சிற்பத்தைக்கூட நின்று பார்த்ததில்லை. பயணம் எழுதுகிறவன் சொல்லக் கூச்சப்பட வேண்டிய விஷயம். போன ஐப்பசியிலும் அதே கதைதான். ஊருக்குத் தெற்கே கடலோரமாக மச்சான் சவுக்கு போடுகிறார்; கைகொடுக்கப் போனேன்.

செங்கல்பட்டில் ஆறரை மணி பஸ். திருக்கழுக்குன்றம் பதினாலு கிலோமீட்டர், அங்கே மாறினால் மாமல்லபுரம் இன்னொரு பதினைந்து. மச்சான் பைக்கோடு நின்றார். முகம் சரியில்லை.

பிடுங்கிய கன்றுகள் வேர் தெரியக் கிடந்தன. அன்றே நடாவிட்டால் காய்ந்துவிடும். மணலில் ஈரம் நிற்காது என்பதால், தண்ணீர் குடித்து ஜெல்லியாகிற குருணையைச் செங்கல்பட்டுக் கடையில் வாங்கியிருந்தார். ஊறவைத்துக் குழிக்கு ஒரு பிடி போட வேண்டும். கடையில் ஒரு ஸ்பூன் குருணை டம்ளரை ரொப்பியதாம். இங்கே வாளியின் அடியில் அப்படியே படுத்திருந்தது.

"ஏமாத்திட்டாங்க மச்சான்!"

"உன்ன ஏமாத்த கடை எதுக்கு மச்சான், நான் பத்தாதா?" என்று கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னா தண்ணி ஊத்துன அண்ணாத்த?"

"போர் தண்ணி."

"கரிக்குதா?"

விரலை விட்டு நக்கினேன். "கருவாட்டுக் கொழம்பு கணக்கா கீது."

"அப்ப எப்டி ஊறும்? நல்ல தண்ணில போடு. நட்ட பின்னாடியும் அத்த ஊத்தாத, சுருங்கிடும். மழதான் வரணும்."

காரணமும் சொன்னார். எனக்குப் புரிந்த மட்டில்: குருணைக்குள் இருக்கும் இழை முழுக்க ஒரே மாதிரி மின்சாரம். ஒரே சீட்டில் உட்கார்ந்த சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று தள்ளும். தள்ளத் தள்ள இடம் விரியும், தண்ணீர் புகும். உப்பு நடுவில் வந்து உட்கார்ந்தால் தள்ளுமுள்ளு அடங்கி, இழை சுருண்டே கிடக்கும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்குழாயிலிருந்து பைக்கில் கேன் கேனாகக் கொண்டுவந்து மீதிக் குருணையை ஊறவைத்தோம். அரை மணியில் வாளி பொங்கியது. மூன்று மணிக்குள் நட்டு முடித்தோம். அதன்பிறகு மச்சான் வானத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

கடலோரம் நடப்போகிறவர்கள் குருணை வாங்குமுன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். அடைமழைக் காலமென்றால் மாற்றுத்துணியும் எடுத்துப் போங்கள்.

என் மல்லித்தொட்டிக்கென்று, ஊறவைக்காமல் எடுத்துவைத்திருந்த ஒரு கைப்பிடிக் குருணையை மச்சான் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பேண்ட் பின் பாக்கெட்டில் வைத்தேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறும்போது நல்ல மழை; தொப்பலாக நனைந்தேன். மச்சான் போன் செய்தார்: "இங்கியும் கொட்டுது மச்சான்! கன்னு பொழச்சிக்கும்!"

செங்கல்பட்டு பஸ்ஸில் பாதி சீட் காலி. கண்டக்டர் இரண்டு தடவை உட்காரச் சொன்னார். பரவாயில்லை என்று சொல்லி நின்றுகொண்டே வந்தேன்.