வெள்ளம் விட்டுப்போன மண்

வெள்ளம் வடிந்தபோது றம்லாவின் கத்தரித் தோட்டத்தைக் காணவில்லை. முழங்காலளவு வண்டல்தான் கிடந்தது. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது கைக்குழந்தையாக மன்னாரிலிருந்து துரத்தப்பட்டவள், இறால் பண்ணையில் கூலி செய்து கலா ஓயா ஆற்றங்கரையில் வாங்கிய காணி அது. வண்டல் காயட்டும், அடுத்த போகத்துக்கு உரமே தேவையில்லை என்று காத்திருந்தாள்.

செங்கல் சூளைக்காரன் கில்பட் ஒரு வார்த்தை கேட்காமல் லொறியோடு வந்து அந்த மண்ணை அள்ளினான். மறித்தவளைத் தள்ளியதில் அவள் முகங்குப்புற விழுந்தாள். எழுந்த வேகத்தில் மண்வெட்டியால் லொறிக் கண்ணாடியை நொறுக்கினாள். அடுத்த வீச்சு அவன் தோளைக் கிழித்தது.

"ஆறு கொண்டுவந்து போட்ட மண்தானே அக்கா!" என்று அலறினான்.

றம்லா வாயிலிருந்த சேற்றைத் துப்பினாள்.

"என்னையும் அடிச்சு விரட்டித்தான்டா இங்க கொண்டுவந்து போட்டாங்க. எங்க, அள்ளு பாப்பம்!"