மெட்டியை அறுத்த நாள்

என் இடது கால் இரண்டாம் விரலைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கிறது. மெட்டி போட்ட கால்களில் எல்லாம் இருக்கிற பள்ளம்தான். என்னுடையதில் ஓரமாக ஒரு தழும்பும் உண்டு. குறடு பட்ட தழும்பு. எழுபதைத் தாண்டியவள் நான், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அதனால் மெதுவாகவே சொல்கிறேன். இது என் மாமியாரைப் பற்றியது.

எண்பதுகளில் நாங்கள் மலேசியாவில், அசாம் ஜாவா பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். வீட்டுக்காரருக்குப் பழக்குலை ஏற்றும் லோரியில் வேலை. நான் மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்குவேன். என் கோணிதான் முதலில் நிறையும்; வேலையில் என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளுக்குக் கால்வலி வந்தது. காலையில் பாயை விட்டு எழுந்து பாதத்தைத் தரையில் வைத்தால் முள்ளை மிதித்த மாதிரி இருக்கும். விரல்கள் மரத்துப்போகும், பிறகு குத்தும். பாதம் உப்பியது, முகமும் உப்பியது. நல்ல வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. குரல் ஆம்பிளைக் குரலாகக் கட்டிக்கொண்டது. ஈரப் புல்லில் நின்று நின்று வந்த வாதம் என்றார்கள். தைலம் தேய்த்தேன், மணலை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

"மகாராணி வராங்க, வழி விடுங்கலா" என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் கேலி செய்வார். வீட்டுக்கு வந்தால் மாமியார். "ஏ புள்ள, என்னா கலியாண ஊர்கோலமா போற? அங்க கொழம்பு வத்திப் போச்சு." அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. சின்ன வயசில் புருசனைப் பறிகொடுத்து, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஒற்றை மகனை வளர்த்தவர். அந்த மகன் இரண்டு முறை சேர்ந்தாற்போல் தும்மினால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்.

ஒரு நாள் இடது கால் மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், சோப்பு போட்டுப் பார்த்தேன், நூல் சுற்றி இழுத்தேன். வரவில்லை. விரல் நாவல்பழ நிறத்துக்கு வந்ததும் வீட்டுக்காரர் என்னைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தோட்டத்து மருந்தறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் ஐயா பார்த்த உடனே சொன்னார். "அறுக்கணும்மா. ரெண்டு நாள் விட்டா வெரலு போயிரும்."

நான் காலை இழுத்துச் சேலைக்குள் மூடிக்கொண்டேன். "வெரலு போனா போவட்டும் ஐயா."

தாலிக்கு அடுத்தது மெட்டி. புருசன் கல்லுக்குண்டாக நிற்கும்போது அதை அறுப்பதா? தினமும் லோரியில் குலைகளுக்கு மேல் நின்று வருகிறவர் அவர். ஒரு சறுக்கல் போதாதா? வீட்டுக்காரர் என்னையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார். பிறகு அம்மாவைக் கூட்டிவரப் போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவரைப் பெற்றவர் என் பக்கம்தான் பேசுவார் என்று நினைத்தேன்.

மாமியார் மீன் கழுவிய கையோடு வந்தார். கையை முந்தானையில் துடைத்தார். தரையில் உட்கார்ந்தார். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மாமியார் மருமகள் காலைத் தொடுவது எங்கள் சனத்தில் இல்லாத வழக்கம். நான் உடம்பெல்லாம் கூசி, "அத்தை, வேணாம்" என்றேன்.

"சும்மா இரு. இவன் அப்பன் செத்த அன்னிக்கி எங் காலுல ரெண்டு மெட்டியும் இருந்துச்சு. புடிச்சு வச்சுச்சா?"

"உங்க மவன், அத்தை..."

"எம் மவன்தான். அதான் நான் சொல்றேன். அறுங்க ஐயா."

குறடு கடிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் பாதத்தைப் பிடித்திருந்த அந்தக் கைகள் பிடியைத் தளர்த்தவே இல்லை.

டிரஸ்ஸர் ஐயா என் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார், கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். அங்கே ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு என்றார்கள். கழுத்தில் இருக்கிற ஒரு சின்னச் சுரப்பி சோம்பிப் போனால் கால்விரல்வரைக்கும் வலிக்குமாம். அன்றைக்கு ஆரம்பித்த மாத்திரையை இன்றைக்கும் விடியலில் வெறும் வயிற்றில் போடுகிறேன். சில மாதத்தில் வீக்கம் வடிந்தது, வலி தணிந்தது, என் கோணி மறுபடி முதலில் நிறைந்தது. இப்போது என் பேத்தி மெட்டி கடித்தால் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். நல்லதுதான். அவளுக்கு இந்தக் கதை சிரிப்பாக இருக்கும்.

ஆனால் மெட்டி அறுத்த மறுநாளை நான் பார்த்தேன். குழாயடியில், "பெத்தவளே அறுக்கச் சொன்னாளாம்" என்று காதுபடப் பேசினார்கள். மாமியார் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தார். மத்தியானம் மழை பிடித்தது. லோரி வருகிற நேரம் தாண்டியது. மாமியார் ஒரு கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடிக்குப் போய்ச் செம்மண் ரோட்டைப் பார்த்து நின்றார். கட்டுப் போட்ட காலோடு நான் வாசலிலிருந்து பார்த்தபடி இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் அசையவில்லை. கடைசியில் லோரி வந்தது. மகன் மேலேயிருந்து குதித்தார்.

"என்னடா, லோரியத் தள்ளிக்கிட்டா வந்த?" என்று மாமியார் கேட்டார். அவ்வளவுதான். விறுவிறு என்று என்னைத் தாண்டி உள்ளே போனார்.

காலையில் நான் அத்தைக்குப் போட்டு வைத்த சோறு தட்டு மூடியபடியே இருந்தது. அடுப்பங்கரையில் குந்தி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அந்த ஆறிப்போன சோற்றை அப்போதுதான் சாப்பிட ஆரம்பித்தார்.