பாய்மரத்துக்கு வழி

கடலை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் துறைமுகத்துக்குள் படகு எப்படி நுழைய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என் மகன் சொல்லிச் சொல்லித் தெரிந்தது.

ராஜபாளையத்தில் பிறந்தவன் கடலுக்குப் போனதே அதிசயம்தான். இங்கே லாரி பட்டறையில் டீசல் இன்ஜின் பழகியவனைத் தூத்துக்குடிப் பக்கத்து மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒருவர் கூட்டிப் போனார். இன்ஜின் பார்க்கப் போனவன் அங்கேயே விசைப்படகு ஓட்டவும் பழகிக்கொண்டான். ஊருக்கு வரும்போதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே கடல் கதை சொல்வான். துறைமுகத்தின் வாய் ரொம்பக் குறுகலாம். இரண்டு பக்கமும் பாறாங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பியிருப்பார்களாம். சாயங்காலம் ஏலத்துக்கு முந்த வேண்டும் என்று எல்லாப் படகும் ஒன்றாக வந்து முட்டுமாம்.

"அந்தக் கூட்டத்துல பாய் விரிச்சு ஒரு வள்ளம் வந்துச்சுன்னா, நாங்க இன்ஜினைக் கொறச்சுட்டு நிக்கணும் எம்மா. அதுக்கு முன்னால குறுக்க போகக் கூடாது. பின்னால சுத்தித்தான் போகணும்."

"ஏம்லே? அவுக என்ன பெரிய ஆளா?"

"நான் நிறுத்துனா திருப்பி எடுத்துக்கலாம். அவுகளுக்குக் காத்து போச்சுன்னா போச்சு."

எனக்கு அது சட்டென்று புரிந்தது. எங்கள் தெருவில் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குடத்தோடு வருகிறவளை யாரும் நிறுத்த மாட்டார்கள். சைக்கிளில் வருகிறவன்தான் காலை ஊன்றி நிற்பான். இதைச் சொன்னதும் அவன் சிரித்தான்.

"அதேதான். ஆனா இன்னொன்னும் இருக்கு. வழி விட்டாச்சுன்னா பாய்க்காரர் யோசிக்கக் கூடாது. நேரா போயிடணும். அவுகளும் நின்னு, நாங்களும் நின்னா அம்புட்டுத்தான்."

இப்போது எல்லா வள்ளத்திலும் மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் காற்று வாகாக இருந்தால் எண்ணெய்ச் செலவு மிச்சம் என்று சிலர் பாய் விரித்து வருவார்கள். அப்படி வருகிறவர்களில் ஒரு பெரியவரைப் பற்றி அடிக்கடி சொல்வான். வேதக்காரர், கிறிஸ்தவர்தான். நல்ல மனுசர். இவனைக் கண்டால் "என்ன ராஜபாளையத்தாரே, உங்க ஊர்ல கடல் வத்திப் போச்சா?" என்று கேலி பண்ணுவாராம். கரையில் இவனுக்குச் சோறு போட்டிருக்கிறார்.

போன வருசம் ஒரு சாயங்காலம் அவர் வள்ளமும் இவன் படகும் துறைமுக வாய்க்கு ஒன்றாக வந்து சேர்ந்தன. வழக்கப்படி இவன் இன்ஜினைக் குறைத்து, போங்க என்று கையை உயர்த்தினான். அவருக்கு என்ன தோன்றியதோ. இவன் படகு நிறைய மீன் இருக்கிறது, ஏலத்துக்கு நேரமாகிறது என்று நினைத்திருப்பாராக்கும். சிரித்துக்கொண்டே பாயை இறக்கிவிட்டு, நீ போ என்று கையைக் காட்டினார். செத்த நேரம் இரண்டு பேருமே நின்றார்கள். பின்னால் வந்த படகுகளிலிருந்து சத்தம் போட்டார்கள். சரி, நாமே போவோம் என்று இவன் இன்ஜினைக் கூட்டினான். அதே நேரத்தில் அவரும், பையன் நிற்கிறானே என்று பாயைத் திரும்ப ஏற்றினார். பாய் முழுக்க ஏறவில்லை. வள்ளம் பிடிமானம் இல்லாமல் அலையில் புரண்டு படகின் மூக்கில் வந்து விழுந்தது. அவர் கல்லுக்கும் படகுக்கும் நடுவில் சிக்கிப் போய்விட்டார்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். யாரும் இவனைக் குற்றம் சொல்லவில்லை. அடக்கத்துக்குப் போனவன் மாதா கோயில் வாசலுக்கு வெளியிலேயே நின்றிருக்கிறான். அவருடைய வீட்டம்மா இவனைத் தாண்டித்தான் போனார்களாம். தலையை நிமிர்த்தவே இல்லையாம்.

"என்னைப் பாக்கல எம்மா. ஒரு வாட்டி பாத்திருக்கலாம்."

ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். அதையாவது மற்றவர்களைப் போல ஓட்டினானா? எதிரே எது வந்தாலும் நிறுத்திவிடுவான். ஒரு நாள் நானும் அதில் இருந்தேன். பக்கத்தில் இருந்த கறிகாய்க்காரம்மா பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்.

"ஏப்பா, எதுக்க வாறது ஆடுப்பா. ஆட்டுக்குமா வணக்கம் வைப்ப?"

ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அவனுடைய அம்மா நான்தான் என்று அவர்களிடம் சொல்லவில்லை. கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது. பெரியவரின் வீட்டம்மா இவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும், திட்டினால்கூடப் போதும் என்று நான் அய்யனாரை வேண்டாத நாள் இல்லை.

இந்த வருசம் கோடையில் போன் வந்தது. அந்த வீட்டம்மாதான், துறைமுகத்தில் கேட்டு எங்கள் நம்பர் வாங்கியிருக்கிறார்கள். மகள் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் சேர்ந்திருக்கிறாளாம், பார்க்க வருகிறார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியாயிற்று, உங்களையும் பார்க்க வேண்டும், வழி சொல்லுங்கள் என்றார்கள். நான் போனை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. அங்கேயே இருங்க, ஆட்டோவில் வந்து கூட்டிக்கொள்கிறோம் என்று நானே சொன்னேன்.

"நீயும் வா எம்மா. தனியா போக மாட்டேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்கு வெளியே அவன் ஆட்டோவை நிறுத்தினான். வருகிறவர்களுக்குக் கையில் எதையாவது கொடுப்போம் என்று பால்கோவா கடைக்குப் போய், தாளில் மடிக்கச் சொன்ன பிறகுதான் உறைத்தது, சாவு விழுந்து வருசம் திரும்பாத வீட்டுக்கு இனிப்பா என்று. "வேண்டாம்ப்பா" என்று திரும்பினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

அந்த அம்மாவை எனக்கு அடையாளம் தெரியாது. ஆட்டோ பக்கத்தில் நின்ற என்னை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். கழுத்தில் ஒரு சிலுவை, கையில் ஒயர் கூடை. என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"முப்பதாம் நாள் பூசைக்கு வருவீங்கன்னு இருந்தேன் அக்கா."

"எங்க மூஞ்சியில முழிக்க மாட்டீகளோன்னு பயந்து கெடந்தோம் தாயி."

"வரக் கூடாதுன்னு நான் சொல்லலியே. வாங்கன்னும் எப்படிச் சொல்ல? சாவு விழுந்த வீட்டுக்காரி கூப்பிட்டா வருவாங்க?"

 சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போக யாரும் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. அது எனக்குத் தெரியாததா?

அவன் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். நானும் ஏறினேன். வண்டி கிளம்பியது.

ஊர் எல்லை தாண்டுவதற்குள், சந்திலிருந்து வாழைத்தார் ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஒன்று வந்தது. மிதித்து வந்தவருக்கு என் வயது இருக்கும். இவன் நிறுத்தினான். அவரும் காலை ஊன்றித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போங்க என்று கை காட்டினார். இவனும் கை காட்டினான். பின்னால் பஸ்ஸின் ஹாரன் அலறியது.

"அவர் நின்னுட்டாருல்லா. போ தம்பி" என்றார்கள் அந்த அம்மா.

இவன் இன்ஜினை அணைத்துவிட்டான். திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"பாயை ஏன் எறக்குனாரு?"

அதுதான் அவனுக்குள் கிடந்த கேள்வி. எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த அம்மா கூடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியும்னா நெனைக்க? அவரு எப்பவும் அப்படித்தான். சோத்துக்கு உக்காந்தாக்கூட, மொதல்ல மத்தவன் கை வைக்கட்டும்னு இருப்பாரு. எத்தனை நாள் சோறு ஆறிப் போயிருக்கு. எத்தனை நாள் ஏசியிருக்கேன்."

கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்கள்.

"உன் மேல எனக்கு ஒன்னுமில்லன்னு சொல்லணும்னுதான் வந்தேன். பஸ்ஸுல வரும்போது அந்த வார்த்தை வாயில இருந்துச்சு. உன்னப் பாத்த பொறவு வர மாட்டேங்கு."

அவன் தலையை ஆட்டினான். சரி என்பது போலத்தான் இருந்தது. வாழைத்தார் வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது. பஸ்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு போகும்போது ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். அவன் வண்டியை எடுத்தான்.

கம்பெனி வாசலில் இறங்கியதும் அந்த அம்மா கூடைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் தந்தார்கள். "நெத்திலிக் கருவாடு. தம்பிக்குப் பிடிக்கும்னு அவரு சொல்லியிருக்காரு." அப்புறம் முன்பக்கம் போய் நின்று, அவன் முகத்தைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.  "மறுபடி வரும்போது போன் போடுதேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

வள்ளம் படகில் மோதிய அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவன் மீன் தொட்டதில்லை. அதனால் கருவாட்டை என்ன செய்வது என்று முழித்தேன். மறுநாள் மத்தியானம் துணிந்து வறுத்தேன். இரண்டு தட்டில் சோறு போட்டு, நடுவில் கருவாட்டை வைத்தேன். வந்து உட்கார்ந்தான். வாசனை பிடித்ததும் என்னை ஒரு தரம் பார்த்தான். எழுந்து போகவில்லை. கையும் வைக்கவில்லை. சோற்றில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுலே."

"நீ மொதல்ல சாப்பிடு எம்மா."

இல்லைப்பா, நீ சாப்பிடு என்று வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் நான் சோற்றில் கை வைத்தேன்.