மரத்துக்கு அந்தப் பக்கம் போன செவ்வந்தி

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் மலேசியாவின் கேமரன் மலையில் நடந்தது இது. மழைக்காலம், சனிக்கிழமை காலை. தானா ராத்தாவைத் தாண்டிக் கீழே இறங்கும் சாலையில் இரண்டு பக்கமும் தேயிலைச் சரிவு. சரிவு என்று பழக்கத்தில் சொல்கிறேன், அவ்வளவுதான். அன்றைய மூடுபனியில் ஒரு செடிகூடக் கண்ணில் படவில்லை.

நான் அத்தானின் லோரியில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் கணவரான அவருக்குத் திரிங்காப்பில் பூத்தோட்டம். பின்னால் முழுக்கச் செவ்வந்திப் பெட்டிகள். மலையடிவாரத்தில் இருக்கும் தாப்பாவில் ஒரு கல்யாணம். மணவறை கட்ட மதியத்துக்குள் பூ போய்ச் சேர வேண்டும். எனக்கு அந்த லோரியில் ஒரு வேலையும் இல்லை. வீட்டில் இருந்தால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று ஏறிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். வணிக நிர்வாகத்தில் பட்டம் முடித்துவிட்டு மேலே படிக்க விண்ணப்பித்திருந்தேன். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிற எம்.பி.ஏ. எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே துறையை ஆழமாகப் படிக்கிற முதுகலைதான் வேண்டும் என்று இரண்டுக்குப் போட்டேன். கெட்ட நேரம், இரண்டிலுமே இடம் கிடைத்துவிட்டது! ஒன்று நிதித்துறை. இன்னொன்று சப்ளை செயின். அதாவது, ஒரு பொருள் விளைகிற இடத்திலிருந்து வாங்குகிறவர் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று படிப்பது. அன்று மாலைக்குள் இரண்டில் ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. மகள் கோலாலம்பூரில் ஏதாவது ஒரு வங்கியில் உட்கார்ந்திருப்பதை அவர் எப்போதோ மனதுக்குள் பார்த்து முடித்துவிட்டார். இரண்டாவது படிப்பைப் பற்றிச் சொன்னதும், "லோரி ஏத்தி இறக்கறதுக்கு ஒரு மாஸ்டர்ஸா? உங்க அத்தான்கிட்ட போனா ஓசியிலயே கத்துக் குடுப்பாருலா" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே வலித்தது.

ஏனென்றால் நான் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பாட்டுக் கடையில் இலை போட்டால், மலையில் வாழை ஏது, இது எந்த வளைவெல்லாம் ஏறி வந்திருக்கும் என்று யோசிப்பேன். இந்தத் தேங்காய் மேலே வரும்போது நம் முட்டைக்கோஸ் கீழே போயிருக்கும், பாதி வழியில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொள்வேன். "கனவு கண்டது போதும், சோத்தச் சாப்பிடு" என்று வீட்டில் எனக்குத் தினமும் திட்டு விழும். இந்தக் கனவை நம்பி ஒரு படிப்பா என்று எனக்கே பயமாக இருந்தது. நிதித்துறைக்கே சரி சொல்லிவிடலாம் என்ற முக்கால்வாசி முடிவோடுதான் அன்று லோரியில் ஏறினேன்.

அத்தான் திடீரென்று பிரேக் போட்டார். பனிக்குள் பச்சையாக ஏதோ சாலையை மறித்துக் கிடந்தது. ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வண்டி விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. மரம் வெட்ட ஆள் வரவே சாயங்காலமாகும் என்று முன்னால் நின்ற கார்க்காரர் சொன்னார்.

"ஈப்போ பக்கமா சுத்திப் போனா?" என்று கேட்டேன்.

"சனிக்கிழம ரோடு ஜேம்ல பிரிஞ்சாங் டவுனத் தாண்டறதுக்குள்ள இருட்டிடும். அவ்ளதான், பூ போச்சு" என்று அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது கிளைகளுக்கு அடியில் குனிந்து ஒருவர் வெளியே வந்தார். தொப்பியெல்லாம் இலை. தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் என்று பேச்சில் தெரிந்தது. நாங்கள் கேட்காமலே புலம்பத் தொடங்கினார். "என் லோரி அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. தேங்காய், வாழையெல எல்லாம் அதுலதான். இன்னைக்குக் கூட்டம் வேற. எல இல்லாம எப்படிச் சோறு போடறது, சொல்லுங்க?"

அத்தானும் தம் பங்குக்கு, மதியத்துக்குள் தாப்பா மண்டபத்துக்குப் போக வேண்டிய பூவைப் பற்றிப் புலம்பினார். நான் பாதிக் கனவில் இருந்தேன். தேங்காய் மேலே வருகிறது, பூ கீழே போகிறது, பாதி வழியில் இரண்டும் சந்தித்துவிட்டன. அடடா, நான் எப்போதும் நினைத்துக்கொள்வது இதோ கண் முன்னால் நிற்கிறதே!

"பூவ அந்த லோரிக்கு மாத்திட்டு, தேங்காய இந்த லோரிக்கு மாத்திட்டா? ரெண்டும் வந்த வழியே திரும்பிடலாம்ல?" என்றேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டோமே என்று கூச்சமாகப் போய்விட்டது.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பாய்தான் முதலில் சிரித்தார். "அட, ஆமாலா! நான் தாப்பாவுக்கே திரும்பிப் போயி உங்க பூவ மண்டபத்துல எறக்கிடறேன். நீங்க என் கடையில எறக்கிடுங்க. அவ்ளதானே?"

முன்பின் தெரியாத மனிதர். வந்த வளைவையெல்லாம் மறுபடியும் இறங்க வேண்டும். அதை 'அவ்வளவுதானே' என்று சொல்லிவிட்டார்.

மாட்டிக்கொண்ட கார்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஒரு சீன அம்மா, சில மலாய் இளைஞர்கள், சுற்றுலா வந்த ஒரு குடும்பம். மரத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கை மாற்றத் தொடங்கினோம். கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் நின்றுபோனது. ஒரே வரிசையில் பூ இறங்க, தேங்காய்ச் சாக்கும் அதே வரிசையில் ஏறி வந்தால் என்ன ஆகும்? எல்லார் கையிலும் சுமை, வாங்கிக்கொள்ள ஒரு கை காலியாக இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்து முழித்துக்கொண்டு நின்றோம்.

நான் லோரிப் படியில் ஏறி, "ரெண்டு வரிசையா பிரிங்க! எறங்கறது இடது பக்கம், ஏர்றது வலது பக்கம்!" என்று கத்தினேன். மலாயிலும் கத்தினேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்வரிசைக்கு ஓடிவிடுகிற நான்தான்.

அதற்குப் பிறகு நடந்தது இன்றைக்கும் கனவு போலவே இருக்கிறது. பனி இன்னும் கெட்டியானது. யார் முகமும் தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை வரும், ஈரச் செவ்வந்தி என் கைக்கு வரும், நான் நீட்டுவேன், இன்னொரு கை வெள்ளைக்குள் அதை வாங்கிக்கொண்டு போகும். எங்கும் பூவும் ஈரத் தேயிலையும் கலந்த வாசனை. யாரோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காரணமில்லாமல் கண் கலங்கியது. இத்தனை சந்தோஷமாக நான் எந்தப் பாடத்தையும் படித்ததில்லை.

லோரியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பாய் கடையில் தேங்காயையும் இலையையும் இறக்கினோம். சாப்பிடாமல் போகக்கூடாது என்று கடை ஆட்கள் உட்கார வைத்தார்கள். நாங்கள் கொண்டுவந்த கட்டைப் பிரித்து, அதிலிருந்தே எனக்கு ஓர் இலை போட்டார்கள். அது எந்தச் சாலையில் வந்தது என்று வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் தெரிந்திருந்தது. சோற்றைப் பிசையாமல் அப்பாவுக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "அப்பா, எனக்கு அந்தப் படிப்புதான் வேணும்" என்றும் சொல்லிவிட்டேன்.

போச்சு, அப்பா கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"பூ போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

"கேளு மொதல்ல. கேட்டுட்டு எனக்குச் சொல்லு."

அத்தானைக் கேட்கச் சொல்லிவிட்டுச் சோற்றைத் தொடாமல் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பாயிடமிருந்து அத்தானுக்குப் படம் வந்தது. மஞ்சளும் வெள்ளையுமாக மணவறைத் தூண் பாதி கட்டியிருந்தார்கள். அதை அப்பாவுக்கு அனுப்பினேன். 'சரி, அதுக்கே போடு' என்று பதில் வந்தது. சோறு ஆறிப்போய்விட்டது. அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, போனிலேயே தட்டிப் பல்கலைக்கழகத்துக்குச் சரி சொன்னேன்.

இப்போது கிள்ளான் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அப்பா போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே, "இன்னைக்கு எது எங்க போவுது?" என்று கேட்கிறார். நானும் கதை போலச் சொல்கிறேன். ஆனால் ஒரு பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணினியில் தகவல் வரும்போதெல்லாம், பனிக்குள் முகம் தெரியாமல் நீண்டு என் செவ்வந்தியை வாங்கிக்கொண்ட அந்தக் கையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நான் கண்டது வெறும் கனவில்லை என்று எனக்கு முதலில் சொன்னது அந்தக் கைதான்.