வெட்டாமல் உடைத்த கல்

மண்டைதீவிலிருந்து மீன் கொண்டுவரும் சில்வெஸ்ரர், புளியங்கூடலில் சறோஜினிதேவி வீட்டுப் படலையடியில் தராசைத் தூக்கியபடியே சொன்னார்:

“அக்கா, கேள்விப்பட்டனீங்களே? உங்கடை சுலோஜனாவின்ரை கிட்னிக் கல்லைக் கொழும்பிலை வெட்டாமல் கொத்தாமல் அதிர்வாலையே தூளாக்கிப் போட்டாங்களாம். அண்டைக்கே எழும்பி நடந்து திரிஞ்சவவாம். பஸ்ஸிலை கதைச்சவை.”

சறோஜினிதேவி மீனைக் கழுவாமலே சட்டியில் போட்டாள்.

சுலோஜனா அவளுடைய சித்தப்பாவின் மகள். வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. ஐம்பது வருசமாக எதுவும் அந்தப் பக்கத்திற்குத்தான் முதலில் வரும்: மாபிள் நிலம், தண்ணீர் மோட்டார், கனடாவிலிருந்து பெட்டி அனுப்பும் மகள். உவர்க் கிணறு மட்டும்தான் பொது. அந்தத் தண்ணீர்தான் இருவருக்கும் கல்லைக் கொடுத்தது என்பது சறோஜினியின் முடிவு. அதிலும் பாருங்கள், அவளுக்குச் சின்னக் கல். இவளுக்கு மூன்று சென்ரிமீற்றர்.

பட்டணத்து ஆஸ்பத்திரி வைத்தியர் படம் கீறிக் காட்டியிருந்தார். “இவ்வளவு பெரிசுக்கு அதிர்வு சரிவராது, அம்மா. முதுகாலை சின்னத் துளை போட்டு, உள்ளுக்கை வைச்சே உடைச்சு எடுப்பம். இப்பிடியே விட்டால் கிட்னி பழுதாப் போகும்.” நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி, வருகிற வியாழக்கிழமை.

“அவளுக்கு அதிர்வு, எனக்கு ஓட்டையோ?” என்று சட்டியைப் பார்த்துக் கேட்டாள் சறோஜினி. அதே சூட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, தனக்கு வர ஏலாது, திகதியை வேறை ஆருக்கும் குடுங்கோ என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பின்னேரம் சுலோஜனா வேலியைப் பிடித்துப் பிடித்து வந்தாள். அந்த நடையைக் கண்டதும் சறோஜினியின் நெஞ்சுக்குள் சின்னதாய் ஒரு குளிர்ச்சி.

“என்னடி, அண்டைக்கே ஓடித் திரிஞ்சனியாம்?”

“ஆர் சொன்னது? உடைஞ்ச துண்டுகள் மூத்திர வழியிலை இறுகி, நான் குழறின குழறல்! பிறகு குழாய் விட்டவை. அதை எடுக்கத் திரும்பவும் கொழும்புக்குப் போகோணும்.” கதிரையில் மெல்லச் சரிந்தாள். “பெரிய கல்லெண்டால் முதுகாலை ஒரேயடியா எடுத்துப் போடலாமெண்டு எனக்குச் செய்த டாக்குத்தரே சொன்னவர். உங்களுக்கு வியாழக்கிழமையோடை முடிஞ்சுது. உங்களைப் பாக்க எனக்கு எரியுதக்கா, உண்மையா.”

அவளுக்கு எரிகிறது! ஐம்பது வருசமாகக் காத்திருந்த சொல். அது வந்து சேர்ந்த நாளைப் பார்.

“நான் துணைக்கு வாறன்,” என்றாள் சுலோஜனா.

“இரு, தேத்தண்ணி கொண்டு வாறன்.”

குசினிக்குள் போய், கதவைச் சாத்தி, ஆஸ்பத்திரி இலக்கத்தை அழுத்தினாள். மணி போனது. எடுப்பாரில்லை. திரும்பவும் அழுத்தினாள். கேத்தில் கொதித்து மூடி துள்ளியது.

“ஆரோடை அக்கா கதைக்கிறியள்?”

அந்தப் பக்கத்தில் மணி போய்க்கொண்டே இருந்தது.